படபடப்பு வந்த வருஷம்

தென்காசிப் பெரிய கோயில் வாசலில் காற்று அடிக்கிற அடியை, அந்த ஊருக்கு ஒரு முறை வந்து போனவர்கள்கூட மறக்கமாட்டார்கள். அந்தக் காலத்தில் மொட்டையாக நின்ற கோபுரத்துக்குக் கீழே கால் வைத்தால் முந்தானையைப் பிடிப்பதா, பூத்தட்டைப் பிடிப்பதா என்று தடுமாற வேண்டும். அந்த வாசலில் நின்றுகொண்டுதான், மூச்சுவிடக் காற்று இல்லையே என்று நான் தவித்தேன்.

எனக்கு அப்போது பதினாறு வயது. மாசி மாதத்து வெள்ளிக்கிழமை. அம்மாவும் அண்ணன் மனைவியான மதினியும் முன்னால் போக, நான் பின்னால் பேசிக்கொண்டே நடந்தேன். வாய் மூடாமல் பேசுவது என் வழக்கம். ஒரு பேச்சின் நடுவில் நெஞ்சு ஒரு தடவை புரண்டு விழுந்தது. பிறகு அடிக்க ஆரம்பித்தது. விரல் நுனிகள் மரத்தன. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்ந்தது. காலடியில் இருந்த கல் தரை எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. நாளைக்குச் சனிக்கிழமை என்பது எவ்வளவு நிச்சயமோ அவ்வளவு நிச்சயமாக, இப்போது சாகப்போகிறேன் என்று எனக்குத் தெரிந்தது.

காரணம் ஒன்றும் கிடையாது. பின்னால் எல்லோரும் காரணத்தைத்தான் கேட்டார்கள், அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் பாம்பைப் பார்க்கவில்லை. யாரும் என்னை அதட்டவில்லை. பட்டினியும் இல்லை. மத்தியானம் மதினி வைத்த தேங்காய்ப்பால் சொதிக்கு மூன்று முறை சோறு போட்டுச் சாப்பிட்டிருந்தேன்.

மதினிதான் முதலில் திரும்பிப் பார்த்தாள். "ஏட்டி, மூஞ்சி என்ன இப்படி வெளிறிப் போய்க் கெடக்கு?"

"மூச்சு வரமாட்டேங்குது மதினி."

"இந்தக் காத்துலயா? ஊருக்கே போக மிச்சம் இருக்கே மூதி, எடுத்துக்கோயேன்."

அவள் சிரித்துக்கொண்டு சொன்னாள். என் கையைத் தொட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. இருவரும் என்னைத் தாங்கிக்கொண்டு போய் மண்டபத்துத் தூணில் சாய்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் தானாக அடங்கியது. அடங்கிய பிறகு, மழையில் நனைந்த கோழிபோல ஒரு களைப்பு. அம்மா திருநீறு பூசி, "கண்ணு பட்டிருக்கு" என்றாள். அத்தோடு முடிந்தது என்று நினைத்தோம்.

அந்த வருஷம் எனக்கு ஒரு பெரிய காரியம் நடக்க இருந்தது. எட்டாம் வகுப்பு தேறிவிட்டு இரண்டு வருஷம் வீட்டில் அடைந்து கிடந்தேன். கிடைத்த காகிதத்தையெல்லாம் படித்தேன். பொட்டலம் கட்டி வந்த பத்திரிகைத் துண்டுகளைக்கூட விடவில்லை. என் அண்ணன் மதுரையில் போலீஸில் இருந்தான். குடையும் புத்தகமுமாகத் தெருவில் நடந்து போகிற டீச்சரம்மாக்களை அங்கே பார்த்துவிட்டு, என்னையும் அப்படிப் படிக்க அனுப்பச் சொல்லி, ஊருக்கு வரும்போதெல்லாம் ஐயாவோடு வாதாடினான். அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். வடகரையில் வயலும் தென்னந்தோப்பும் இருக்கிற வீட்டில் பெண் வேலைக்குப் போவதா என்று ஐயா முதலில் கேட்டார். பிறகு, ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, சம்மதித்துவிட்டார். பாளையங்கோட்டையில் ஆசிரியைப் பயிற்சி. ஆனி முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். விடுதியில் இடமும் கிடைத்துவிட்டது.

அதற்குள்தான் இது வந்து புகுந்தது.

இரண்டாம் முறை வந்தது வீட்டுக் கிணற்றடியில். மூன்றாவது, குத்துக்கல்வலசையில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில். தாலி கட்டுகிற நேரம். பெண்டுகள் நெருக்கி நின்று குலவை போடுகிறார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் என் நெஞ்சு புரண்டது. வெளியே போகாவிட்டால் செத்துவிடுவேன். முன்னால் நின்ற கிழவியைத் தள்ளிக்கொண்டு, குத்துவிளக்கை இடறிக்கொண்டு ஓடினேன். விளக்கு சாயவில்லை, நல்ல காலம். ஆனால் முகூர்த்த நேரத்தில் ஒரு கன்னிப்பெண் பந்தலை விட்டு ஓடியதை யார் மறப்பார்கள்?

வீட்டுக்கு வந்ததும் ஐயா துண்டை உதறிக் கொடியில் போட்டுவிட்டுச் சொன்னார்: "இன்னொரு தடவை இப்படி வந்துச்சுன்னா பாளையங்கோட்டையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். தெரியாத ஊர்ல, தெரியாத சனத்துக்கு மத்தியில நீ விழுந்து கெடந்தா யாரு பாப்பாங்க? அச்சன்புதூர்க்காரங்க கேட்டு விட்டிருக்காங்க. பேசி முடிச்சிருதேன்."

கோபத்தில் சொல்லவில்லை. பயத்தில் சொன்னார். அதனால்தான் எனக்கு எதிர்த்துப் பேச வாய் வரவில்லை.

அன்றிலிருந்து மறைக்கத் தொடங்கினேன். எதையும் வேகமாகக் கற்றுக்கொள்கிறவள் நான். மறைப்பதையும் வேகமாகக் கற்றுக்கொண்டேன். வரப்போகிறது என்று தெரிந்ததும் தொழுவத்துக்குப் போய்விடுவேன். மாட்டின் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு நிற்பேன். ஆள் வந்தால் தும்முவேன். தும்மினால் கண்ணில் நீர் வந்ததற்கும் மூச்சு இரைத்ததற்கும் கணக்குச் சரியாகிவிடும். சாப்பிடும்போது வந்தால் மிளகாயைக் கடித்துவிட்டதாகச் சொல்வேன். ஆனால், மறைக்க மறைக்க அது அடிக்கடி வந்தது. ஐயாவின் செருப்புச் சத்தம் கேட்டாலே, இப்போது வந்துவிடுமோ என்று நினைப்பேன். நினைத்தவுடன் வந்துவிடும். சித்திரை பிறந்தபோது நான் கோயிலுக்குப் போவதை நிறுத்தியிருந்தேன். வைகாசியில் தெருவுக்கே போவதில்லை.

மதினி ஒரு நாள் தொழுவத்தில் பிடித்துவிட்டாள். "என்னட்டி, மாட்டுகிட்ட ரகசியம் பேசுதே?"

நான் அழுதேன். ஐயாவிடம் சொல்லாதே என்று காலைப் பிடித்தேன். அவள் ஐயாவிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னாள்.

அம்மா, ஐயாவுக்குத் தெரியாமல் வைத்தியம் பார்க்கத் தொடங்கினாள். பள்ளிவாசலில் ஓதிய தண்ணீர் மூன்று வெள்ளிக்கிழமை குடித்தேன். பூசாரி வேப்பிலை அடித்தார். இங்கிலீஷ் டாக்டர் ஒருவர் குழாயை வைத்துப் பார்த்து, "இருதயம் குதிரை மாதிரி இருக்கு" என்றார். அம்மா மகிழ்ந்தாள். "கல்யாணம் பண்ணிவச்சா எல்லாம் சரியாயிரும்" என்று அவர் முடித்தபோது மதினி வாசலுக்குப் போகும்வரை பொறுத்திருந்து, "எனக்குக் கல்யாணம் ஆனப்புறம்தான் படபடப்பே வந்துச்சு, அதுக்கு இவரு என்ன மருந்து தருவாராம்?" என்றாள். கடைசியாக நாட்டு வைத்தியர் நாடி பார்த்து, பித்தம் தலைக்கேறியிருக்கிறது, குற்றாலத்து அருவியில் தலை கொடுத்து நின்றால் இறங்கும் என்றார்.

குற்றாலத்துக்குப் போவது எங்களுக்குப் புதிதில்லை. சாரல் தொடங்கினால் தென்காசியே அங்கேதான் குளிக்கும். ஆனால் சும்மா குளிப்பது வேறு, வைத்தியத்துக்குக் குளிப்பது வேறு. புத்தி பேதலித்தவர்களை எங்கெங்கோ இருந்து கூட்டிவந்து, தலையில் எண்ணெய் தேய்த்து, அருவியில் பிடித்து நிறுத்துவது அந்த ஊரில் காலகாலமாக நடக்கிறது. நாள் தவறாமல் அப்படி நிற்கிற பெண்ணை ஊர் என்ன பெயர் சொல்லி அழைக்கும் என்று அம்மாவுக்குத் தெரியும். அதனால் அவள் ரொம்ப யோசித்து, யாரும் பார்க்காத நேரமாகப் பொழுது விடியுமுன் போய்விட்டு வந்துவிடலாம் என்று முடிவு செய்தாள். ஐயா வடகரையில் நடவுக்குத் தங்கியிருந்த நாட்கள் அவை. பிள்ளை சாரலில் குளிக்க ஆசைப்படுகிறாள் என்று அவருக்குச் சொல்லி அனுப்பினாள்.

கூண்டு வண்டி போய் நின்றபோது சாரல் தூறிக்கொண்டிருந்தது. மலை தெரியவில்லை, சத்தம் மட்டும் இருந்தது. அரிக்கேன் விளக்கை மதினி தூக்கிப் பிடித்தாள். அருவிக்குப் போகிற பாறையில் ஏற்கெனவே நாலைந்து விளக்குகள்.

"யாரோ இருக்காங்களே" என்றாள் அம்மா.

கிட்டப் போனதும் தெரிந்தது. முடி கத்தரித்த தலைகள். ஒருத்திக்கு இடுப்பில் சேலைக் கயிறு. அதன் மறுமுனை இன்னொருத்தியின் கையில். ஒருத்தியின் காலில் சங்கிலி. கூட்டம் வந்தால் இவர்களை யாரும் அருவிக்குப் பக்கத்தில் விடமாட்டார்கள் என்பதால் கூட்டிவந்தவர்கள் தேர்ந்தெடுத்த நேரமும் அதுதான்.

மதுரைப் பக்கத்துக்காரி ஒருத்தி அம்மாவைப் பார்த்து அன்பாக, "வாங்க ஆச்சி. உங்க புள்ளைக்கு எம்புட்டு நாளா?" என்று கேட்டாள்.

"எம் பிள்ளைக்கு ஒண்ணுமில்ல" என்றாள் அம்மா.

"நாங்களும் மொதல்ல அப்படித்தேன் சொல்லிக்கிட்டிருந்தோம்" என்றாள் அவள், இடம் விட்டு நகர்ந்துகொண்டே.

திரும்பிப் போய்விடலாம் என்று நான் அம்மாவின் கையை இழுத்தேன். வண்டிக்காரரைக் காத்திருக்கச் சொல்லி இவ்வளவு தூரம் வந்தாயிற்று என்றாள். தலையில் எண்ணெயை வைத்து அரக்கித் தேய்த்தாள். ஒரு கையை அவளும் மறு கையை மதினியும் பிடித்து என்னை நீருக்குள் இழுத்துப்போனார்கள்.

அருவித் தண்ணீர் தலையில் விழுந்தால் யாருக்கும் ஒரு நொடி மூச்சு நிற்கும். என் நோய்க்கு அந்த நொடி போதும். நெஞ்சு புரண்டது. விரல் மரத்தது. மறைக்கலாம் என்றால் இரண்டு கையும் பிடிபட்டிருக்கின்றன. ஓட முடியாது. தும்ம முடியாது. நான் கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன், என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற அம்மாவுக்கும் கேட்கவில்லை. முகத்தில் நீர்த்திரை, யாரும் என்னைப் பார்க்கவும் முடியாது. அப்போது ஒன்று நடந்தது. கத்தி முடித்து, சாவுக்காகக் காத்து நின்றேன். சாவு வரவில்லை. அது உச்சிக்கு ஏறியது, கொஞ்சம் அங்கேயே நின்றது, பிறகு இறங்கியது. நான் ஒன்றும் செய்யவில்லை. மாட்டின் முதுகு இல்லை, மிளகாய் இல்லை, திருநீறு இல்லை. அதுவாக வந்து, அதுவாக இறங்கிப் போயிற்று. இத்தனை மாதமாக நான் கையைப் பொத்தி, வாயைப் பொத்தி, ஓடி ஒளிந்து அது இறங்குவதைப் பார்க்காமலே இருந்திருக்கிறேன்.

குளிர்ந்த நீர் பித்தத்தை இறக்கியது என்று அம்மா சொன்னாள். அவளுக்கு அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கரையில் நடுங்கிக்கொண்டு நின்றபோது சங்கிலி போட்ட பெண் என்னைத் தட்டினாள். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவளாக இருப்பாள். "வெத்தலை இருக்கா?" என்றாள். மதினி தன் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவள் நரம்பைக் கிள்ளி, சுண்ணாம்பைப் பாங்காகத் தடவி, மடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

ஏழு மணிக்கு நாங்கள் வீட்டில். எட்டு மணிக்குள் செய்தி தெருவில். அருவிக்கரையில் சுக்குக்காப்பி விற்கிறவர் எங்கள் தெரு அண்ணாச்சிக்கு மச்சினர். விளக்கு வெளிச்சத்தில் அம்மாவை அடையாளம் கண்டிருக்கிறார். கூட்ட நேரத்தில் போயிருந்தால் ஊரோடு ஊராகக் குளித்தோம் என்று போயிருக்கும். யாரும் பார்க்கக் கூடாதென்று போன நேரம்தான் எங்களைக் காட்டிக்கொடுத்தது. இரண்டு நாளில் அச்சன்புதூரிலிருந்து ஆள் வந்தது. ஜாதகம் ஒத்துவரவில்லையாம்.

வடகரையிலிருந்து ஐயா வந்தார். காலில் சேறு காயவில்லை.

"யாரு உன்னை அந்த நேரத்துல போகச் சொன்னா?" என்று அம்மாவைக் கேட்டார்.

"யாரும் பாக்கக் கூடாதுன்னுதான் போனோம்."

"நல்லா இருக்கு! பைத்தியத்தைக் கூட்டிட்டுப் போற நேரமாப் பாத்துக் கூட்டிட்டுப் போயிருக்கே."

"எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன முன்னப்பின்ன பைத்தியத்தைக் கூட்டிட்டுப் போயிருக்கேனா?"

மதினி அடுக்களையில் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் சிரிக்கவில்லை. ஐயா மெலிந்து தெரிந்தார். அன்று அவர் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

கல்யாணப் பேச்சு அந்த வருஷத்துக்கு எழும்பாது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வீட்டில் வைத்துக்கொண்டால் தெரு பேசும். ஆனி கடைசி வாரம் ஐயா என் தகரப் பெட்டியை எடுத்துத் துடைத்து வைத்தார். "கூட்டிட்டுப் போறேன். ஆனா ரயில்ல வந்துச்சுன்னா, அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி, எதுக்க வார வண்டியில திரும்பிருவோம். அதுக்குப் பெறகு இந்தப் பேச்சே கூடாது. சரியா?"

சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

செங்கோட்டையிலிருந்து வந்த வண்டி நெரிசலாக இருந்தது. பாவூர்ச்சத்திரம் தாண்டியது. கடையம் தாண்டியது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வரக் கூடாது, வரக் கூடாது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அப்படிச் சொன்னால் வந்துவிடும் என்பது தெரிந்தும் சொன்னேன். அம்பாசமுத்திரம் வருமுன் உதட்டில் எறும்பு ஊர்ந்தது.

மறைத்திருக்கலாம். கரித்தூள் கண்ணில் விழுந்தது என்று முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டால் ஐயா கண்டுபிடிக்கமாட்டார். பாளையங்கோட்டை போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் சேர்ந்த பிறகு? ஒரு வகுப்பு முழுக்கப் பெண்கள், ஒரு விடுதி முழுக்கக் கண்கள். அங்கே தொழுவத்துக்கு எங்கே போவேன்?

"ஐயா" என்றேன். "வருது."

அவர் முகம் செத்துப் போயிற்று. எழுந்து, மேலே இருந்த பெட்டியை இறக்கினார். வண்டி வேகம் குறைந்தது. எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் என்னைப் பார்த்துவிட்டு, "மசக்கையா? எலுமிச்சம்பழம் இருக்கு, தரட்டா?" என்றாள். ஐயாவுக்கு அதைவிட அவமானம் ஒன்று வேண்டியதில்லை.

"எந்திரி" என்றார்.

"ஐயா, நான் இறங்கலை."

"என்ன பேச்சு பேசுதே? சொன்ன சொல்லு என்ன?"

"சொன்னேன். ஆனா இது போயிரும் ஐயா. செத்த நேரம் நெஞ்சைப் போட்டு அடிக்கும், பெறகு அதுவாப் போயிரும். நான் பாத்திருக்கேன். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். உக்காந்து பாருங்க, அது போதும்."

இதைச் சொல்வதற்குள் எனக்கு மூன்று முறை மூச்சு வாங்கியது. கை வெளிப்படையாக நடுங்கியது. நடுங்கட்டும் என்று மடியில் போட்டுவிட்டேன். வண்டி நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். ஐயா பெட்டியும் கையுமாக நடுவில் நின்றார். ஏறினவர்கள் அவரை இடித்துக்கொண்டு போனார்கள். "பெரியவரே, ஒண்ணு இறங்குங்க, இல்ல உக்காருங்க, வழியில நந்தி மாதிரி நிக்கியளே!" என்று யாரோ சொன்னார்கள். ஊதல் கேட்டது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் முகம் அப்போது எப்படி இருந்ததோ, எனக்குத் தெரியாது.

வண்டி நகர்ந்தது. அவர் உட்கார்ந்தார். பெட்டியை மேலே வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டார். கல்லிடைக்குறிச்சி போய், வீரவநல்லூர் போய், சேரன்மாதேவி வரும்வரை அப்படியே இருந்தார். அதற்கு ரொம்ப முன்னாலேயே எனக்குப் படபடப்பு இறங்கிவிட்டது.

"போயிட்டுது ஐயா."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"எத்தன நாளா இது இப்படி வந்து வந்து போகுது?"

"மாசியிலருந்து."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?" என்றார். பிறகு, நான் ஏன் சொல்லவில்லை என்பது அவருக்கே ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாளையங்கோட்டையில் விடுதியைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் கண்ணாடி போட்டவர், கண்டிப்பானவர் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. வலிப்பு உண்டா, காசம் உண்டா, வேறு வியாதி ஏதாவது உண்டா என்று கேட்டார்.

"ஒண்ணும் கெடையாதும்மா" என்றார் ஐயா. அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்காகச் சொன்னார்.

"எனக்குச் சில நேரம் நெஞ்சு படபடன்னு வரும்" என்றேன். "மூச்சு முட்டும். கொஞ்ச நேரத்தில் போயிடும்."

ஐயா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார்.

"விழுவியா?"

"இதுவரைக்கும் விழுந்ததில்லை."

"பாடம் நடத்தும்போது வந்தால்?"

"நடத்தி முடிச்சிருவேன்" என்றேன். அது பெரிய வாய். முடிக்க முடியாமல் சுவரைப் பார்த்து நின்ற வகுப்புகள் பின்னால் எத்தனையோ உண்டு. ஆனாலும் அவர் என்னைத் திருப்பி அனுப்பவில்லை. ஜன்னலோரம் படுக்கை கொடுங்கள் என்று உள்ளே பார்த்துச் சொன்னார்.

வாசலில் ஐயா மெதுவான குரலில், "கேட்டதுக்கு உள்ளதைச் சொல்லித்தான் ஆகணுமா?" என்றார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "வந்தா எழுது" என்றார். தெருவில் இறங்கிக் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து, "வரலைன்னாலும் எழுது" என்றார்.

நான் குணமானேன் என்று சொல்வார்கள். நானும் கேட்பவர்களிடம் அப்படித்தான் சொல்கிறேன். உண்மையில், அது வருவது குறைந்தது. வந்தால் என்ன என்கிற துணிச்சல் கூடியது. இரண்டில் எது முதலில் நடந்தது என்று எனக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

விடுதியில் முதல் நாள் சாயங்காலமே, சாப்பாட்டு வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பெண்ணின் பெயர்கூட எனக்குத் தெரியாது. "எனக்கு ஒண்ணு வருது. பயப்படாதே, போயிரும்" என்றேன். அவள் "சரி" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. என் தட்டில் ஈ மொய்க்காமல் கையால் விசிறிக்கொண்டே தன் சோற்றைச் சாப்பிட்டாள். அது போன பிறகு என் சோற்றை நான் சாப்பிட்டேன்.